தாயின் பிரசவக் குறிப்பை வைத்துக் குழந்தைக்குக் கோடு போடலாமா? பத்தில் எட்டு எரர்

மலைக்கோட்டை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மெடிக்கல் கோடிங்கில் (மருத்துவக் குறிப்பைப் படித்து பில்லுக்கான கோடுகளாக மாற்றும் வேலை) இருக்கிறேன். ரேடியாலஜியில் ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டு இன்பேஷண்ட் (மருத்துவமனையில் தங்கும் நோயாளிகள்) பக்கம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம்தான் நியூபார்ன் சார்ட் (பிறந்த குழந்தையின் மருத்துவக் கோப்பு) கொடுக்க ஆரம்பித்தார்கள். "சின்ன சார்ட்டுதான், வேகமாகப் போகும்" என்றார் டிஎல் (டீம் லீட்). முதல் ஆடிட்டிலேயே ஒரே சார்ட்டில் எட்டு எரர். இந்த மாதக் குவாலிட்டி 95 சதவீதத்தைத் தொடுமா என்பதே சந்தேகம்.

சார்ட்டின் கதை இதுதான். அமெரிக்க மருத்துவமனை. தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை, ஜிபிஎஸ் (குரூப் பி ஸ்ட்ரெப் பாக்டீரியா) பாசிட்டிவ். ஆன்டிபயாடிக் ஏற்றிய இரண்டு மணி நேரத்திலேயே பிரசவம். வாக்யூம் (தலையில் கப் பொருத்தி உறிஞ்சி இழுக்கும் கருவி) வைத்து எடுத்திருக்கிறார்கள். தோள் சிக்கி 50 விநாடியில் வெளியே வந்திருக்கிறது. கழுத்தில் கொடி ஒரு சுற்று, தளர்வாக. பனிக்குட நீரில் மெக்கோனியம் (குழந்தையின் முதல் மலம்). ஆண் குழந்தை, 39 வாரம், 4,120 கிராம், ஆப்கார் (பிறந்ததும் குழந்தையின் நிலைக்குப் பத்துக்கு இடும் மதிப்பெண்) 8, 9. இதெல்லாம் டெலிவரி சம்மரியில் இருப்பவை.

குழந்தை டாக்டர் எழுதியது: நிறைமாதம், வயதுக்கு மிஞ்சிய எடை, வாக்யூம் பிரசவம். ஜிபிஎஸ் சிகிச்சை போதவில்லை, 48 மணி நேரம் கண்காணிக்கவும். சர்க்கரை நான்கு முறை பார்த்து நான்கும் நார்மல். உடல் பரிசோதனையில் கேபுட் (தலை வீக்கம்) இருக்கிறது, எரிதீமா டாக்ஸிகம் (தோல் தடிப்பு) இருக்கிறது.

நான் போட்டவை (இசட் என்பது Z, பி என்பது P): இசட்38.00 (பிறப்பு), பி08.1 (கூடுதல் எடை), பி03.3 (வாக்யூம்), பி12.81 (கேபுட்), பி03.1 (தோள்), பி02.5 (கொடி), பி03.82 (மெக்கோனியம்), பி00.2 (ஜிபிஎஸ்), பி70.0 (தாயின் சர்க்கரை), பி83.1 (எரிதீமா). ஆடிட்டர் முதல் இரண்டை மட்டும் விட்டுவைத்தார். பி00.2-ஐ பி00.82 ஆக்கினார். மற்ற ஏழையும் அடித்துவிட்டார். "தாயின் ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது, குழந்தைக்குப் பாதிப்பு இல்லை" என்று ஒரே கமெண்டை ஏழுக்கும் காப்பி பேஸ்ட் செய்திருக்கிறார்.

என் சந்தேகம்: பி00 முதல் பி04 வரையிலான பிளாக்கின் தலையிலேயே, உறுதியான பாதிப்பு மட்டுமல்ல, வரக்கூடிய பாதிப்புக்கும் இந்தக் கோடுகள் பொருந்தும் என்று இருக்கிறதே? வாக்யூம் வைத்தால் பாதிப்பு வரக்கூடும்தானே? ரிபட்டல் (ஆடிட்டருக்கு எழுதும் மறுப்பு) போடலாமா, இல்லை வாயை மூடிக்கொண்டு அடுத்த சார்ட்டைப் பார்க்கலாமா?

வேளச்சேரி வாசி

தம்பி, வாயை மூடிக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நியூபார்னில் எல்லோருக்கும் முதல் அடி இங்கேதான் விழும். டெலிவரி சம்மரியைத் திறந்தால் கோடு போடச் சொல்லிக் கண்ணடிக்கிற வார்த்தைகள்தான் வரிக்கு வரி இருக்கும். அத்தனையும் தாய்க்கு நடந்தவை. தாயின் சார்ட்டில் ஓ கோடாக (O எழுத்தில் தொடங்கும் தாய்க்கான கோடு) அவை ஏற்கனவே போயிருக்கும்: தோள் சிக்கியது ஓ66.0, மெக்கோனியம் ஓ77.0. அதே சம்பவத்தைக் குழந்தையின் சார்ட்டில் பி கோடாக மொழிபெயர்த்து வைப்பது நம் வேலை இல்லை.

மலைக்கோட்டை

அண்ணா, ஓ கோடு குழந்தைக்குப் போகாது, பி கோடு தாய்க்குப் போகாது என்பது தெரியும். சிபிசி (கோடிங் சான்றிதழ்) பரீட்சைக்குப் படித்தபோதே மனப்பாடம். நான் கேட்பது அந்த "வரக்கூடிய பாதிப்பு" பற்றி. அது வரும் வராது என்று யார் சொல்ல வேண்டும்?

ஆடிட் அண்ணாச்சி

நல்ல கேள்வி, இதற்கு வாயை மூடிக்கொள்ளத் தேவையில்லை. அந்த வரி அங்கே இருப்பது உண்மை. ஆனால் அதே வரியில், தாயின் அந்த நிலை பாதிப்புக்கோ வரக்கூடிய பாதிப்புக்கோ காரணம் என்று "குறிப்பிடப்பட்டிருந்தால்" என்றும் இருக்கிறது. குறிப்பிட வேண்டியவர் குழந்தையைப் பார்க்கிற டாக்டர். பிரசவம் பார்த்தவர் குழந்தையின் டாக்டர் இல்லை. நானும் இல்லை, நீங்களும் இல்லை. வாக்யூம் என்றால் ஆபத்து வரலாம் என்று நமக்குத் தெரிவது படிப்பறிவு. அது டாகுமெண்டேஷன் ஆகாது.

இன்னொரு சல்லடையும் இருக்கிறது. கோடிங் கைட்லைனின் 16-ஆம் அத்தியாயம், பிறந்த குழந்தைக்கு எது மருத்துவ ரீதியாக முக்கியம் என்று ஆறு வாசல் வைத்திருக்கிறது. டாக்டர் அதை மதிப்பிட்டிருக்க வேண்டும், அல்லது சிகிச்சை கொடுத்திருக்க வேண்டும், அல்லது பரிசோதனை செய்திருக்க வேண்டும், அல்லது அதனால் மருத்துவமனையில் கூடுதல் நாள் தங்கியிருக்க வேண்டும், அல்லது நர்ஸிங் கவனிப்பு கூடியிருக்க வேண்டும். ஆறாவது, பிற்காலத்தில் கவனிப்பு தேவைப்படும் என்று டாக்டர் குறித்திருக்க வேண்டும். முதல் ஐந்தும் பெரியவர்களின் சார்ட்டில் கூடுதல் டயக்னோசிஸுக்கு உள்ளவைதான். ஆறாவது குழந்தைக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை. ஒன்றில் நுழைந்தால் போதும், ஆறிலும் நுழைய வேண்டாம்.

உங்கள் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றையும் இந்த வாசல்களில் தள்ளிப் பாருங்கள். எரிதீமா டாக்ஸிகம் எந்த வாசலில் நுழைகிறது? தானாக வந்து தானாகப் போகிற தடிப்பு. பார்த்தார், எழுதினார், அவ்வளவுதான். கேபுட்டும் அப்படித்தான். பரிசோதனைப் பகுதியில் ஒரு வார்த்தை இருந்ததால் மட்டுமே கோடு ஆகிவிடாது.

பழைய நர்ஸ்

நான் கோடிங்குக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருடம் லேபர் வார்டில் இருந்தவள். அண்ணாச்சி சொன்னதற்குக் கொஞ்சம் சதையும் ரத்தமும் சேர்க்கிறேன். இந்த வார்த்தைகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கோடு போட்டால் ஒவ்வொரு சார்ட்டிலும் தடுமாறுவீர்கள்.

தலையில் வீக்கம் என்றால் மூன்று விதம். கேபுட் என்பது தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்வது. பிறக்கும்போதே இருக்கும், மண்டை எலும்பின் இணைப்புக் கோட்டைத் தாண்டிப் பரவும், ஓரிரு நாளில் வடிந்துவிடும். செஃபல்ஹிமடோமா என்பது எலும்புக்கும் அதன் மேலுறைக்கும் நடுவில் ரத்தம் கட்டுவது. பிறந்த உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்து மெல்ல எழும்பும், இணைப்புக் கோட்டைத் தாண்டாது. கரைய வாரக்கணக்கில் ஆகும். கரையும்போது மஞ்சள்காமாலை கூடும் என்பதால் டாக்டர்கள் பிலிருபின் பார்ப்பார்கள். அதனால் பி12.0 பெரும்பாலும் கோடுக்குத் தகுதி பெற்றுவிடும்.

மூன்றாவதுதான் பயங்கரம். சப்கேலியல் ரத்தக்கசிவு, பி12.2. உச்சந்தலைத் தசைநார் உறைக்கு அடியில் ரத்தம் பரவுவது. அங்கே தடுப்பே கிடையாது, கழுத்து வரைக்கும் இறங்கும். பிறந்த குழந்தைக்கு மொத்த ரத்தமே கிலோவுக்கு 80 மில்லி சொச்சம்தான். மூன்று கிலோ குழந்தையிடம் ஒரு டம்ளர் ரத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தலைத்தோலுக்குள்ளேயே ஒதுங்கிவிட்டால் என்ன ஆகும்? வாக்யூம் வைத்த குழந்தை என்றால் நாங்கள் பயந்தது இதற்குத்தான். அடிக்கடி தலையைத் தொட்டுப் பார்ப்போம், சுற்றளவு எடுப்போம்.

கொடி சுற்றல் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் மாலை சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று எண்ணெய்க் கிண்ணத்தில் முகம் பார்க்கச் சொல்வார்கள். வார்டிலேயே எத்தனை மாமன்கள் கிண்ணத்தோடு நின்றிருக்கிறார்கள்! நிஜத்தில் தளர்வான ஒரு சுற்று என்பது மிகவும் சாதாரணம். தலை வந்ததும் விரலால் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். பி02.5 பேசுவது கொடி அழுந்தியதால் குழந்தைக்கு வந்த பாதிப்பை. சார்ட்டில் "தளர்வாக" என்று எழுதியிருக்கும்போது அதைப் போட்டது தாய்மாமன் பயம் மாதிரிதான்.

மலைக்கோட்டை

அக்கா, இந்தத் தலை வீக்க விளக்கத்தை எங்கள் டிரெய்னிங்கில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. நன்றி. கிண்ணத்தோடு நின்ற மாமன்களில் நானும் ஒருவன் என்பதைத் தாழ்மையுடன் ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியென்றால் மெக்கோனியம்? நீரிலேயே கலந்திருந்ததே. அதைக்கூட விட்டுவிடுவதா?

பழைய நர்ஸ்

காட்டுப்பீ என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான். வயிற்றுக்குள்ளேயே குழந்தை மலம் கழித்துவிட்டது, சரி. பிறந்ததும் நன்றாக அழுதது, ஆப்கார் 8, 9. குழந்தை டாக்டர் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு போடுவீர்கள்?

பிசிஎஸ் பித்தன்

மெக்கோனியத்தில் மூன்று இடம் இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரசவத்தின்போது வெளியேறிய மெக்கோனியத்தால் குழந்தைக்குப் பாதிப்பு என்றால் பி03.82. குழந்தையின் உடலில் கறை படிந்திருந்தால் பி96.83. மூச்சோடு உள்ளே இழுத்திருந்தால் பி24.00 அல்லது பி24.01, மூச்சுக் கோளாறு இல்லை, உண்டு என்பதைப் பொறுத்து. ஒன்றுக்கொன்று விலக்கு போட்டிருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்து அடுக்க முடியாது. பி24.01 போடுகிற சார்ட்டில் ஆக்சிஜன், எக்ஸ்ரே, என்ஐசியூ (பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு) என்று கதையே வேறு மாதிரி இருக்கும். பார்த்ததுமே தெரிந்துவிடும்.

தாம்பரம் லோக்கல்

இடையில் ஒரு சந்தேகம், மன்னிக்கவும். பி70.0-ஐ ஏன் அடித்தார்கள்? தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை. குழந்தை 4,120 கிராம். சர்க்கரைத் தாயின் குழந்தை பெரிதாகப் பிறக்கும் என்பது ஊருக்கே தெரியும். சர்க்கரையும் நான்கு முறை பார்த்திருக்கிறார்கள். பரிசோதனை என்ற வாசலில் நுழைந்துவிட்டதே? நானாக இருந்தால் ரிபட்டல் போடுவேன்.

ஆடிட் அண்ணாச்சி

போட்டால் தோற்பீர்கள். பி70.0 என்பது தாயின் கர்ப்பகாலச் சர்க்கரையால் குழந்தைக்கு வந்த கோளாறு, முக்கியமாகத் தாழ்சர்க்கரை. நான்கு முறையும் நார்மல் என்றால் கோளாறு எங்கே? பரிசோதனை செய்தார்கள், ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அமெரிக்காவில் எடை கூடிய குழந்தைக்கும் சர்க்கரை பார்ப்பார்கள், எடை குறைந்த குழந்தைக்கும் பார்ப்பார்கள், சர்க்கரைத் தாயின் குழந்தைக்கும் பார்ப்பார்கள். இங்கே எந்தக் காரணத்துக்காகப் பார்த்தார் என்றே டாக்டர் எழுதவில்லை. பெரிய எடைக்குத்தான் பி08.1 இருக்கிறதே. 4,000 முதல் 4,499 கிராம் வரை அதன் வழக்கமான எல்லை, 4,500-ஐத் தொட்டால் பி08.0. "இந்த எடை தாயின் சர்க்கரையால் வந்தது" என்று குழந்தை டாக்டர் சேர்த்து எழுதியிருந்தால் வேறு பேச்சு. ஊருக்கே தெரிந்ததை டாக்டர் எழுதவில்லை என்றால், நமக்கு மட்டும் தெரியக் கூடாது.

கூடவே ஒன்று. கர்ப்பத்துக்கு முன்பே தாய்க்குச் சர்க்கரை இருந்திருந்தால் பி70.1. தாயின் சார்ட்டைப் பார்க்காமல் இது தெரியாது என்பார்கள். குழந்தையின் சார்ட்டில் டாக்டர் எழுதவில்லை என்றால் குவெரி (டாக்டரிடமே எழுத்தில் கேட்பது), அவ்வளவுதான்.

தாம்பரம் லோக்கல்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் புராஜெக்டில் சர்க்கரை பார்த்து நார்மல் என்றால் இசட்05.42 போடச் சொல்கிறார்கள். சந்தேகப்பட்டு, கண்காணித்து, இல்லை என்று முடிவான மெட்டபாலிக் கோளாறு. இது சரியா?

ஆடிட் அண்ணாச்சி

டாக்டர் சந்தேகப்பட்டதாக எழுதியிருந்தால் சரி. புரோட்டோகால் படி எல்லாக் குழந்தைக்கும் குத்திப் பார்த்ததெல்லாம் சந்தேகம் ஆகாது. இசட்05 வந்தது 2016 அக்டோபர் 1-இல். அதற்கு முன்னால் இந்த மாதிரி "பார்த்தோம், இல்லை" கேஸ்களைப் பி00–பி04-க்குள்ளேயே திணித்துக்கொண்டிருந்தோம். பழைய ஆட்களின் கை இன்னும் அங்கேயே போவதற்கு அதுதான் காரணம். குழந்தைக்கு அறிகுறி ஏதாவது இருந்தால் இசட்05 வேண்டாம், அறிகுறியைத்தான் போட வேண்டும்.

வேளச்சேரி வாசி

ஜிபிஎஸ் விஷயத்திலும் இதே சண்டை எங்கள் ஃப்ளோரில் ஓடுகிறது. ஒரு குரூப், பி00.82 மட்டும் போதும் என்கிறது. இன்னொரு குரூப், 48 மணி நேரம் கண்காணித்து இன்ஃபெக்ஷன் இல்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் இசட்05.1-உம் சேர்க்க வேண்டும் என்கிறது.

பிசிஎஸ் பித்தன்

நான் முதல் குரூப். தாயிடமிருந்து வந்த விஷயத்துக்கு இடம் பி00–பி04. ஜிபிஎஸ் பாசிட்டிவ் தாய்க்கென்றே 2021 அக்டோபர் 1-இல் பி00.82 தனியாகக் கொடுத்துவிட்டார்கள். அது வந்த பிறகும் மலைக்கோட்டைத் தம்பி பழைய பி00.2-ஐப் போட்டிருக்கிறார், என்கோடர் (கோடு தேடும் மென்பொருள்) எச்சரிக்கை கொடுத்திருக்குமே? ஒரே விஷயத்தை இரண்டு கோடில் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆடிட் அண்ணாச்சி

நான் இரண்டாவது குரூப், ஆனால் நிபந்தனையோடு. தாய் பாசிட்டிவ் என்பது ஒரு தகவல். அதனால் குழந்தைக்குச் செப்சிஸ் (ரத்தத் தொற்று) இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, பிளட் கல்ச்சர் அனுப்பி, நெகட்டிவ் என்று பார்த்து, "இல்லை" என்று டாக்டர் முடித்துவைத்தால் அது இன்னொரு தகவல். மலைக்கோட்டையின் சார்ட்டில் கல்ச்சர் பற்றியே பேச்சில்லை, ஆகவே பி00.82 மட்டும் போதும். கிளையண்ட் எஸ்ஓபி (வேலை விதிமுறை) இதில் என்ன சொல்கிறதோ அதைச் செய்துவிட்டுப் போங்கள். இரண்டு கிளையண்டுக்கு ஆடிட் செய்கிறேன், இரண்டும் எதிரெதிராகச் சொல்கின்றன.

பழைய நர்ஸ்

ஜிபிஎஸ் பற்றித் தெரியாதவர்களுக்காக: நம் ஊரில் எல்லாக் கர்ப்பிணிக்கும் இதைப் பார்க்கும் வழக்கம் இல்லாததால் நம் பிள்ளைகள் பலருக்கு வார்த்தையே புதிது. அமெரிக்காவில் 36, 37 வாரங்களில் ஸ்வாப் எடுப்பார்கள். பாசிட்டிவ் என்றால் வலி எடுத்ததும் பென்சிலின். குழந்தை பிறப்பதற்கு நான்கு மணி நேரமாவது முன்னால் ஏற்றியிருந்தால்தான் போதுமான சிகிச்சை என்று கணக்கு. இந்தத் தாய்க்கு இரண்டு மணி நேரம்தான். "போதவில்லை" என்று டாக்டர் எழுதியது அதனால்தான்.

மலைக்கோட்டை

பித்தன் அண்ணா, என்கோடர் எச்சரிக்கை வந்தது. அவசரத்தில் தள்ளிவிட்டேன். அன்றைக்கு டார்கெட்டில் நான்கு சார்ட் பாக்கி.

தாம்பரம் லோக்கல்

இன்னொரு பக்கக் கேள்வி. புரோ-ஃபீ (டாக்டர் கட்டணக் கோடிங்) பக்கம் இருக்கும் தோழி கேட்கச் சொன்னாள். பிரசவத்தின்போது குழந்தை டாக்டர் கூடவே நின்றார், அம்பு பேக் வைத்து மூச்சும் கொடுத்தார். 99464, 99465 இரண்டும் போடலாமா?

பிசிஎஸ் பித்தன்

கூடாது. செயற்கையாக மூச்சு கொடுத்தால் 99465 மட்டும். சும்மா நின்று முதல் கவனிப்பு கொடுத்ததற்குத்தான் 99464, அதுவும் பிரசவம் பார்க்கிற டாக்டர் கூப்பிட்டிருக்க வேண்டும், அது நோட்டில் இருக்க வேண்டும். தானாக எட்டிப் பார்த்ததற்குக் காசு கிடையாது. இந்த இழையில் இதோடு போதும், தனி இழை போடுங்கள்.

மலைக்கோட்டை

எல்லோருக்கும் ஒரு அப்டேட். நேற்று ராத்திரி அந்தச் சார்ட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். குழந்தை டாக்டரின் பிளான் பகுதியில் ஒரு வரி இருக்கிறது, முதலில் கண்ணில் படவே இல்லை. "வாக்யூம் பிரசவம், இரண்டு முறை கப் கழன்றது. சப்கேலியல் இருக்கிறதா என்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தலையைப் பார்க்கவும், 24 மணி நேரத்துக்கு." நர்ஸிங் நோட்டிலும் தலைச் சுற்றளவு ஆறு முறை பதிவாகியிருக்கிறது. இது ஏதாவது மாற்றுமா?

ஆடிட் அண்ணாச்சி

அட, இதை ஏன் ஐயா முதலிலேயே சொல்லவில்லை! உடனே ரிபட்டல் போடுங்கள். பி03.3 உங்களுடையது.

இப்போது வித்தியாசம் புரிகிறதா? வாக்யூம் என்ற சம்பவம் ஒன்றுதான். டெலிவரி சம்மரியிலிருந்து நீங்கள் எடுத்தபோது அது தாயின் கதை. குழந்தை டாக்டர் அதே வாக்யூமைத் தன் பிளானில் எழுதி, என்ன ஆபத்து என்று சொல்லி, அதற்காக நர்ஸிங் கவனிப்பைக் கூட்டியதும் அது குழந்தையின் கதை ஆகிவிட்டது. நீங்கள் முதல் பதிவில் கேட்ட "வரக்கூடிய பாதிப்பு" இதுதான். சப்கேலியல் வரவில்லை, ஆனால் வரலாம் என்று சொல்ல வேண்டியவர் சொல்லி, செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்.

ரிபட்டலில் டெலிவரி சம்மரியை இழுக்காதீர்கள். குழந்தை டாக்டர் எழுதிய வரி, தேதி, நேரம், நர்ஸிங் பதிவு, கைட்லைனின் அந்த வாசல். நான்கே வரி. "ஆபத்து வரலாம் என்பது பொதுவாக அறியப்பட்டதே" என்றெல்லாம் எழுதினால் ஆடிட்டர் அங்கேயே மூடிவிடுவார். நானும் மூடியிருக்கிறேன்.

மற்ற ஆறையும் தொடாதீர்கள். கேபுட்டையும் சேர்த்துச் சண்டை போடலாம் என்று தோன்றும். தலையைப் பார்த்தது கேபுட்டுக்காக இல்லை, சப்கேலியலுக்காக. வேண்டுமானால் அதற்குக் குவெரி போடுங்கள்.

வேளச்சேரி வாசி

என் முதல் பதிலை வாபஸ் வாங்குகிறேன். சார்ட்டை முழுதாகப் படிக்காமல் நானும் தீர்ப்பு சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். இப்போது பல மருத்துவமனைகளில் டெலிவரி சம்மரி குழந்தையின் எச் அண்ட் பி-க்குள் (முதல் பரிசோதனைக் குறிப்பு) தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. தாயின் சிஸ்டத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்த பத்தி, கீழே குழந்தை டாக்டரின் கையெழுத்து. அது அவர் சொன்னதா, சிஸ்டம் சொன்னதா? இங்கேதான் ஜூனியர்கள் விழுகிறார்கள். குழந்தையின் சார்ட்டில் இருக்கிறதே என்று வாதாடுவார்கள். இருக்கிறதுதான். ஆனால் அசெஸ்மெண்டிலும் பிளானிலும் அவர் அதைத் தொட்டாரா என்று பார்க்க வேண்டும். இந்தச் சார்ட்டில் வாக்யூமைத் தொட்டார், ஜிபிஎஸ்ஸைத் தொட்டார், தோளையும் கொடியையும் தொடவில்லை.

தாயின் சார்ட்டை நாமே தேடித் திறந்து பார்ப்பது வேறு ரகம். நமக்கு ஒதுக்காத சார்ட்டைத் திறந்தால் அது லாகில் விழும். ஹிப்பா (நோயாளித் தகவல் ரகசியச் சட்டம்) பயிற்சியில் தூங்கியவர்களுக்கு நினைவூட்டல். "குழந்தைக்காகத்தான் பார்த்தேன்" என்று என் பழைய டீமில் ஒருவர் விளக்கக் கடிதம் எழுதினார். வேலை தப்பியது, புரமோஷன் தப்பவில்லை. அதாவது போயே போய்விட்டது.

பழைய நர்ஸ்

பிற்காலக் கவனிப்பு என்ற ஆறாவது வாசலுக்கு ஒரு உதாரணம் தருகிறேன், யாரும் அதைத் தொடவில்லை. தலை மேலே, பிட்டம் கீழே இருந்த பெண் குழந்தை. வலி எடுக்கும் முன்பே சிசேரியன். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, இடுப்பு நார்மல், இரண்டாம் நாள் வீட்டுக்குப் போகிறது. ஆனால் குழந்தை டாக்டர், "பிட்டப் பிறப்பு, ஆறு வாரத்தில் இடுப்பு அல்ட்ராசவுண்ட்" என்று எழுதியிருக்கிறார். பலரும் நார்மல் குழந்தை என்று இசட்38.01-ஓடு மூடிவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பி01.7 கிடைக்கும். வலி எடுத்து, பிட்டமாகவே பிரசவம் ஆகியிருந்தால் பி03.0. நாக்கு ஒட்டலுக்கு க்யூ38.1, முதுகடிக் குழிக்கு க்யூ82.6 போடுவதும் பல நேரம் இந்த வாசல் வழியாகத்தான்.

தாம்பரம் லோக்கல்

ஒரே ஒரு கோடு கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று எங்கள் புராஜெக்டில் ஒருவர் கேட்டார். பணத்தில் வித்தியாசம் வருமா?

ஆடிட் அண்ணாச்சி

வரும். டிஆர்ஜி (மருத்துவமனைக்குப் பணம் கணக்கிடும் குழு எண்) 795 என்பது நார்மல் குழந்தை. குறிப்பிடத்தக்க பிரச்சினை இருந்தால் 794. நிறைமாதக் குழந்தைக்குப் பெரிய பிரச்சினை என்றால் 793. ஆர்டிஎஸ் (நுரையீரல் முதிராததால் வரும் மூச்சுத்திணறல்), அதாவது பி22.0 வந்தால் 790-க்கே தாவிவிடும், அங்கேதான் மிகக் குறைமாதக் குழந்தைகளும் இருக்கிறார்கள். மூச்சு வேகமாக இருந்தது என்று டாக்டர் எழுதியதை நீங்கள் பி22.0 ஆக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பத்துப் பிரசவத்தில் ஏறக்குறைய நான்குக்கு மெடிகெய்ட் பணம் கட்டுகிறது, அதாவது அரசுப் பணம். தப்பாகக் கூடுதலாக வாங்கினால் பின்னால் கேட்பார்கள். குறைவாகப் போட்டால் நம் கிளையண்ட் கேட்பார்.

மலைக்கோட்டை

கடைசியாக ஒரு கேள்வி, பிஓஏ (அட்மிஷனின்போதே இருந்ததா என்ற குறி; ஒய் என்றால் ஆம், என் என்றால் இல்லை). இதே பேட்ச்சில் இன்னொரு குழந்தைக்கு செஃபல்ஹிமடோமா. பிறந்து 14 மணி நேரம் கழித்துத்தான் டாக்டர் கண்டுபிடித்திருக்கிறார். முதல் பரிசோதனையில் தலை நார்மல் என்றே இருக்கிறது. "என்" போடலாமா? அட்மிஷனுக்குப் பிறகு வந்ததுதானே?

பிசிஎஸ் பித்தன்

ஒய் போடுங்கள். குழந்தை பிறந்த பிறகுதான் அட்மிட் ஆகிறது. வயிற்றில் இருந்தபோது வந்ததும், பிரசவத்தின்போது நேர்ந்ததும் எல்லாமே அட்மிஷனுக்கு முந்தியவை. எலும்பு முறிவு, மெக்கோனியம் மூச்சில் போனது, வரும் வழியில் ஜிபிஎஸ் பட்டது, எல்லாம் ஒய். பிறப்புக் காயம் என்று டாக்டர் எழுதியிருந்தால், எப்போது கண்ணில் பட்டது என்பது பொருட்டில்லை. அக்கா மேலே சொன்ன மாதிரி அது மெல்லத்தானே எழும்பும். நார்மல் என்று முதலில் எழுதியவர் பொய் சொல்லவில்லை. இசட்38-க்கு பிஓஏ கேட்கவே கேட்காது, விலக்குப் பட்டியலில் இருக்கிறது.

மலைக்கோட்டை

ரிபட்டல் பதில் வந்துவிட்டது. பி03.3 திரும்பக் கிடைத்தது. "பிளான் பகுதியைக் கவனிக்கத் தவறினேன், நன்றி" என்று ஆடிட்டரே எழுதியிருக்கிறார். எட்டு எரர் ஏழானது. குவாலிட்டி 95-ஐத் தொடவில்லை, 94.2.

கேபுட்டுக்குக் குவெரி போடச் சொன்னீர்களே, அதற்கும் டாக்டர் பதில் போட்டார். "கேபுட், முக்கியத்துவம் இல்லை, வடிந்துவிட்டது." கூடவே தோள், கொடி பற்றியும் கேட்டிருந்தேன். அதற்கு அவர் எழுதியது: "தாயின் சார்ட்டைப் பார்க்கவும்."

பழைய நர்ஸ்

பார்த்துவிடாதீர்கள், தம்பி.